வேலைக்காரி வேடம் பூண்ட அம்மையார்

1940ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 29ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரிலே அம்பாசடர் என்னும் பெரிய ஓட்டலின் விருந்து மண்டபத்தில் சினிமாத் தொழிலினர் கூடியிருந்தனர். சென்ற ஆண்டின் சிறந்த படங்களுக்கும் நடிகர்களுக்கும் ஆஸ்கார் என வழங்கும் பரிசுகளை அளிக்கும் வைபவம் அது. 'கான் வித் த விண்ட்' என்ற படத்தைத் தயாரித்த டேவிட் செல்ஸ்னிக் என்பாரும், அதில் நடித்த பிரபலஸ்தர்களும் ஒரு மேசையைச் சூழ்ந்து அமர்ந்திருந்தார்கள். அதே படத்தில் அவர்களோடு நடித்தவரும், அன்றிரவு பரிசு பெறவிருந்தவருமான கறுப்பின அம்மையார் ஒருவர் மட்டும் அந்த மேசையில் இல்லை. மண்டபத்தின் கோடியில், சுவரை ஒட்டிப் போடப்பட்ட சிறு மேசை ஒன்றில், துணைக்கு வந்த ஒருவருடனும் தம் தொழில் முகவருடனும் அவர் உட்கார வைக்கப்பட்டிருந்தார். அந்த ஓட்டலார் கறுப்பின மக்களை விருந்தினராக ஏற்கும் வழக்கமில்லை. செல்ஸ்னிக் தனியே சொல்லி வேண்டிக்கொண்டதன் பேரிலேயே அவரை உள்ளே விட இசைந்தனர். தம் பெயர் அழைக்கப்பட்டதும் அவர் எழுந்து, அத்தனை மேசைகளையும் கடந்து மேடைக்கு நடந்தார். தம் இனத்துக்கும் தம் தொழிலுக்கும் என்றும் பெருமை தருபவளாக இருக்க விழைகிறேன் என்ற கருத்தில் சில வார்த்தைகள் பேசினார். கண்ணீர் பெருகவே பேச்சை முடித்துக்கொண்டு, மீண்டும் சுவரோரத்து மேசைக்கே திரும்பினார்.

அவர் பெயர் ஹாட்டி மக்டேனியல். ஆஸ்கார் பரிசு பெற்ற கறுப்பினத்தாருள் முதல்வர் இவரே. இவருக்குப் பின் ஒரு கறுப்பின நடிகை அப்பரிசைத் தொடுவதற்கு 1991ஆம் ஆண்டு வரை, அதாவது 51 ஆண்டுகள், காத்திருக்க நேர்ந்தது. அவ்வாண்டில் அதைப் பெற்றவர் ஊப்பி கோல்ட்பர்க் அம்மையார்.

தோட்டத்து ஆபீசில் சம்பளப் பட்டியல் எழுதிப் பிழைக்கும் கிராணியாகிய நாம், சினிமாக்காரி ஒருத்தியின் சரித்திரத்தை எடுத்துக்கொண்டு எழுத வந்தது ஏன் என்று சில அன்பர்கள் கேட்கக்கூடும். கேட்பது நியாயமே. நட்சத்திரங்களின் நகைகளையும் விவாகங்களையும் பற்றி எழுத வேறு பத்திரிகைகள் பல உள. நாம் எழுதப் புகுந்தது வேறு காரணம் பற்றி. பிறர் வீட்டில் ஊழியம் செய்தோரின் மகளாய்ப் பிறந்து, தாமும் ஊழியம் செய்து, பின்னர்த் திரையிலே ஊழியக்காரியாக நடித்துப் பணமும் புகழும் ஈட்டிய ஒரு பெண்மணியை நோக்கி, 'நீ உன் இனத்தை இழிவுபடுத்துகிறாய்' என்று அவர் இனத்தாரே குற்றஞ்சாட்டினர். அக்குற்றச்சாட்டு நியாயமா, அநியாயமா? பல நாள் நாம் இதை எண்ணிப் பார்த்ததுண்டு. முதலில் ஒரு முடிவும், அவர் வரலாற்றைக் கற்ற பிறகு வேறொரு முடிவும் நமக்கு உண்டாயின.

கான்சாஸ் மாகாணத்து விசிட்டா நகரில் 1893ஆம் ஆண்டு ஜூன் மாதம் 10ஆம் தேதி ஹாட்டி பிறந்தார். பதின்மூன்று குழந்தைகளில் கடைக்குட்டி. தந்தை ஹென்றி, தாய் சூசன் ஆகிய இருவரும் அடிமைகளாகப் பிறந்து, உள்நாட்டு யுத்தத்தின் பயனாக விடுதலை எய்தியவர்கள். 1861 முதல் 1865 வரை நிகழ்ந்த அந்த யுத்தத்தில், அடிமை முறையை விடமாட்டோம் என்று பிரிந்து நின்ற தென் மாகாணங்களை எதிர்த்து, வடவர் சேனையின் கறுப்பினப் படைப்பிரிவிலே சேர்ந்து ஹென்றி போர் புரிந்தார். யுத்தத்தில் அவர் உடல் கெட்டது. அதற்குரிய ஓய்வூதியம் கேட்டு அவர் சர்க்காருக்கு மனுமேல் மனுவாக அனுப்பிப் பல்லாண்டுகள் அலைந்தார். அடிமையாகப் பிறந்தவனுக்குப் பிறந்த தேதிக்கு அத்தாட்சி ஏது, காயத்துக்கு டாக்டர் சீட்டு ஏது? காகிதம் இல்லாதவன் காகிதத்தால் ஆளும் சர்க்காரிடம் நியாயம் பெறுவது எத்துணை அரிது என்பதைக் காகிதத்தோடே வாழ்நாளைக் கழிக்கும் நாம் நன்கு அறிவோம்.

இந்த ஹென்றி என்பாரை வாசகர்கள் மறவாதிருக்க வேண்டுகிறோம். அடிமை முறையை ஒழிக்கத் துப்பாக்கி ஏந்திய ஒருவரின் மகளே, அடிமை முறையை அழகிய பழங்காலமாகக் காட்டிய படத்திலே, எஜமானியை விட்டு அகல மனமில்லாத அடிமைக் கிழவியாக நடித்து உலகப் புகழ் பெற்றார். அம்மையாரின் வாழ்வில் உள்ள முடிச்சு முழுதும் இதனுள் அடங்கும்.

குடும்பம் கொலொராடோ மாகாணத்துக்குக் குடிபெயர்ந்து, டென்வர் நகரில் வாழ்ந்தது. தாய் வீட்டு வேலைகள் செய்தும், கோயிலில் பாடியும் வந்தார். ஹாட்டியும் சிறு வயதிலேயே சமையல், சலவை முதலிய கூலி வேலைகளுக்குப் போனார். வெள்ளைக் குழந்தைகளே மிகுதியாகப் படித்த பள்ளியில் இவரும் படித்தார். ஆசிரியர்கள் இவரைப் பாடவும் ஒப்புவிக்கவும் அழைப்பதுண்டாம். 1910ஆம் ஆண்டில், மதுவிலக்குக்காக உழைத்த கிறிஸ்துவ மாதர் சங்கத்தார் நடத்திய ஒப்புவித்தல் போட்டியில் குடியின் கொடுமையைக் கூறும் பாட்டொன்றை உணர்ச்சியோடு ஒப்புவித்து, இவர் பதக்கம் பெற்றார். (கள்ளுக்கடைக்குச் சம்பளத்தைப் பறிகொடுத்த குடும்பங்கள் நிரம்பிய நம் தோட்டங்களிலே அப்போட்டி நடந்திருந்தால், ஒப்புவிக்க இன்னும் பல பிள்ளைகள் முன்வந்திருப்பார்கள்.) அந்தப் பதக்கத்துக்குப் பின் பள்ளிக்கூடம் அவருக்கு ருசிக்கவில்லை. தமையன் ஓட்டிஸ் நடத்திய நாடகக் கோஷ்டியோடு புறப்பட்டுவிட்டார்.

அக்காலத்து அமெரிக்க மேடைகளில் மின்ஸ்ட்ரல் என்றொரு கூத்து வழக்கில் இருந்தது. வெள்ளையர் முகத்தில் கரி பூசிக்கொண்டு, கறுப்பர் நடையையும் பேச்சையும் பரிகசித்து ஆடிப்பாடிக் காசு வாங்குவர். பின்னர்க் கறுப்பினத்தாரும் இக்கூத்தை ஆடத் தலைப்பட்டனர். பிழைப்புக்கு வேறு மேடை இல்லாதபோது, தன்னை இகழும் மேடையிலேயே ஏறி ஆடத்தான் வேண்டியிருந்தது. ஹாட்டியும் அவர் தமக்கையும் 1914ஆம் ஆண்டில் பெண்கள் மட்டுமே அடங்கிய ஒரு கோஷ்டி அமைத்தனர். அதிலே ஹாட்டி, வெள்ளையர் கற்பனை செய்த கறுப்பு ஆயாவின் வேடத்தை மிகைப்படுத்தி ஆடி, பரிகாசம் செய்தோரையே திருப்பிப் பரிகசித்தார் என்று அவர் சரித்திரத்தை ஆராய்ந்தோர் கூறுகின்றனர். பார்த்திருந்தோரும் கறுப்பின மக்களே. ஆதலின் அந்தப் பரிகாசத்தின் கூர்மை அவர்களுக்குப் புரிந்திருக்கும். பின்னாளில் அதே வேடம், வெள்ளையர் எழுதிய வசனத்தோடு, வெள்ளையர் முன்னிலையில் ஆடப்பட்டபோது அக்கூர்மை எவ்வளவு மிஞ்சியது என்பதே கேள்வி.

1920க்குப் பின் ஜார்ஜ் மாரிசன் என்பாரின் வாத்தியக் குழுவோடு ஊர் ஊராகச் சென்று பாடினார். டென்வர் வானொலியில் பாடினார். சிகாகோவில் தாமே இயற்றிய பாட்டுகளை இசைத்தட்டுகளில் பதிந்தார். பாடகி என்ற வகையில் ஓரளவு பெயர் உண்டாயிற்று. 1929ஆம் ஆண்டில் பங்கு மார்க்கெட் விழுந்து நாடெங்கும் தொழில் முடங்கியதும் அந்தப் பெயரும் பயனற்றுப் போயிற்று. அவ்வாண்டு விழுந்த விழுக்காட்டில் மலாயா ரப்பர் விலையும் அதலபாதாளம் சென்று, நம் முன்னோர்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டனர் என்பதை வாசகர்கள் அறிவார்கள். ஹாட்டி அம்மையாருக்குக் கிடைத்த வேலை, மில்வாக்கி நகருக்கு அருகே ஒரு கேளிக்கை விடுதியில், பெண்கள் கழிப்பறையில் நின்று பணிவிடை செய்வது. இவரைப் பாடவிட விடுதிக்காரர் முதலில் தயங்கினார். ஓர் இரவு பாட ஆளில்லாத வேளையில் இவர் மேடையேறிப் பாடிவிட, வந்தோர் மகிழ்ந்து காசுகளை அள்ளி எறிந்தனர். அன்று முதல் கழிப்பறை வேலை நின்று, பாட்டு வேலை தொடங்கியது.

1931ஆம் ஆண்டில் லாஸ் ஏஞ்சலிஸ் சென்றார். அங்கே தமையன் சாமும் தமக்கையரும் இருந்தனர். வானொலி நிகழ்ச்சி ஒன்றில், எஜமானியையும் மீறிப் பேசும் வாயாடி வேலைக்காரியாக நடித்து ஊரைச் சிரிக்க வைத்தார். அதற்குக் கிடைத்த ஊதியம் வயிற்றுக்குப் போதவில்லை. ஆகவே வானொலியில் வேலைக்காரியாக நடித்துவிட்டு, மறுநாள் மெய்யாகவே பிறர் வீட்டில் வேலைக்காரியாகப் போய் நிற்பார். நடிப்பும் வாழ்வும் இங்ஙனம் ஒன்றாகிப் போன விந்தையை வேறெந்த நடிகையின் சரித்திரத்திலும் நாம் கண்டதில்லை.

1932ஆம் ஆண்டில் முதற்படம். அதிலும் வேலைக்காரி வேடந்தான். பின்னர் வந்த படங்களின் பட்டியலை ஈண்டு நீட்டுவதால் பயனில்லை. மே வெஸ்டுக்குத் தோழியாக, ஷெர்லி டெம்பிள் என்னும் குழந்தை நடிகைக்கு ஆயாவாக, ஜீன் ஹார்லோவுக்குப் பணிப்பெண்ணாக எத்தனையோ படங்கள். பலவற்றில் அவர் பெயரைத் திரையில் காட்டவுமில்லை. 1934ஆம் ஆண்டில் நடிகர் சங்கத்தில் சேர்ந்தார். 1936ஆம் ஆண்டில் வந்த 'ஷோ போட்' என்ற படத்தில் மாபெரும் பாடகர் பால் ரோப்சனோடு சேர்ந்து நடித்தார்.

ஒரு படத்தை மட்டும் சற்று நின்று பார்த்துச் செல்ல வேண்டும். 1935ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆலிஸ் ஆடம்ஸ்' என்பது அது. பணமில்லாத குடும்பமொன்று, மகளை மணக்கக்கூடிய செல்வ வாலிபனை விருந்துக்கு அழைக்கிறது. தாங்களும் செல்வரே என்று காட்டிக்கொள்ளும் பொருட்டு ஒரே ஓர் இரவுக்கு ஒரு வேலைக்காரியை வாடகைக்குப் பிடித்து வருகிறார்கள். புழுங்கும் கோடை இரவில் கொதிக்கும் சூப்பு. தலையில் வைத்த வெள்ளைக் குல்லாய் சரிந்து விழ, வாயில் எதையோ மென்றபடி, முகத்தில் ஒரு சலிப்போடு ஹாட்டி தட்டுகளை ஏந்தி வந்து போகிறார். வசனம் மிகக் குறைவு. ஆனால் அம்முகம் ஓயாமல் பேசுகிறது: உங்கள் பொய்க்கு நான் வாடகைப் பொருள், அதற்கு மேல் என்னிடம் எதிர்பாராதீர்கள் என்கிறது. படத்தின் கதாநாயகி காதரின் ஹெப்பர்ன் பெரும் நடிகை. ஆயினும் அந்தச் சாப்பாட்டுக் காட்சியில் நம் கண் அவரிடம் தங்குவதில்லை. வேலைக்காரி வேடத்துக்குள்ளேயே வேலைக்காரியின் மனத்தை நுழைக்கும் வித்தையை இக்காட்சியிலே காணலாம்.

இனிப் பெரிய படத்துக்கு வருவோம். மார்கரெட் மிச்செல் என்னும் தென்னாட்டு மாது எழுதி 1936ஆம் ஆண்டில் வெளியிட்ட நாவல், யுத்தத்தில் தோற்ற தென் மாகாணத்து நிலச் சுவான்தார்களின் வாழ்வை ஏக்கத்தோடு பாடுவது. அதைப் படமாக்க செல்ஸ்னிக் முனைந்தபோது, கதாநாயகியை வளர்த்த அடிமைத் தாதியின் வேடத்துக்குப் பெரும் போட்டி எழுந்தது. ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் மனைவியாரே தம் வீட்டுப் பணிப்பெண்ணுக்கு அவ்வேடத்தைத் தரலாமே என்று கடிதம் எழுதினார் என்றால் போட்டியின் வேகம் விளங்கும். ஹாட்டி அம்மையார் பணிப்பெண்ணின் உடையோடேயே தேர்வுக்கு வந்து நின்று வேடத்தைப் பெற்றார் என்பர். இதற்கிடையே கறுப்பினத்தாரின் பத்திரிகைகள் கொதித்தெழுந்தன. நாவலில் மலிந்து கிடந்த இழிசொல் படத்தில் வரலாகாது என்று அவை கிளர்ச்சி செய்தன. செல்ஸ்னிக்கும் இறுதியில் அச்சொல்லை நீக்கினார். அந்த நற்பயன் பத்திரிகைகளின் கிளர்ச்சியால் விளைந்ததென்பதை நாம் மறைக்கமாட்டோம்.

படம் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஓடுவது. அம்மையார் ஏற்ற பாத்திரத்துக்குப் பெயரே கிடையாது. 'மாமி' என்று எல்லாரும் விளிப்பார்கள். (நம் தமிழ் மாமியன்று, வெள்ளைக் குழந்தைகளை வளர்க்கும் கறுப்புத் தாதிக்குத் தென்னாட்டில் இட்ட பெயர்.) அவளுக்குக் கணவன் உண்டா, பிள்ளை உண்டா, எங்கே பிறந்தாள் என்று கதை எழுதியவர் கவலைப்படவில்லை. விடுதலை வந்த பின்னும் அவள் வீட்டை விட்டுப் போக நினைப்பதில்லை. ஆனால் அவ்வீட்டில் மெய் பேசுபவள் அவள் ஒருத்தியே. எஜமானியின் மகளை முறைக்கிறாள், அதட்டுகிறாள், அவளுடைய சூதுகளை முதலில் கண்டுகொள்கிறாள். படத்தின் பிற்பகுதியிலே, குழந்தை இறந்த துக்கத்தில் தந்தை பித்துப் பிடித்தவன்போல் அறையைப் பூட்டிக்கொண்டு கிடப்பதை, மெலனி என்ற பெண்ணிடம் சொல்லிக்கொண்டே மாமி மாடிப்படி ஏறும் காட்சி ஒன்று உண்டு. ஒவ்வொரு படியாக ஏறுகிறார், அழுகையை விழுங்குகிறார், வாக்கியம் உடைகிறது, மீண்டும் ஏறுகிறார். நாலு மணி நேரப் படத்தில் நம் நெஞ்சைத் தொட்ட சில நிமிஷங்கள் அவையே. அடிமைக்கு உள்ளம் இல்லை என்று கருதி வாழ்ந்த குடும்பத்தின் துயரம் முழுதும் ஓர் அடிமையின் தொண்டையிலிருந்து வெளிப்படுகிறது.

அப்படம் 1939ஆம் ஆண்டு டிசம்பர் 15ஆம் தேதி ஜார்ஜியா மாகாணத்து அட்லாண்டா நகரில் முதன்முதல் காட்டப்பட்டது. நகரமே திருவிழாக் கோலம் பூண்டது. ஹாட்டி அம்மையாருக்கு அங்கே இடமில்லை. நிறம் பிரித்து வைக்கும் சட்டம் அமலில் இருந்த மாகாணம் அது. ஆதலால் அவரை அழைத்து வர வேண்டாமென்று படக் கம்பெனியார் செல்ஸ்னிக்குக்குச் சொல்லிவிட்டனர். கதாநாயகன் கிளார்க் கேபிள், அவர் வராவிடில் தாமும் போவதில்லை என்று சினந்ததாகவும், ஹாட்டியே அவரைச் சமாதானம் செய்து போகச் சொன்னதாகவும் கூறுவர். தென்னாட்டில் விநியோகித்த மலரிலிருந்து அவர் படமும் அகற்றப்பட்டது. இத்தோடு மற்றொரு செய்தியையும் கேளுங்கள். முதல்நாள் இரவு நடந்த நடன விருந்தில், எபனேசர் கோயிலின் கறுப்பினப் பாடகர் குழு, அடிமைகள்போல் உடுத்தி நின்று வெள்ளை விருந்தினருக்குப் பாடிற்று. அக்குழுவில் நின்ற சிறுவர்களுள் ஒருவன் அக்கோயில் போதகரின் பத்து வயது மகன். பெயர் மார்ட்டின் லூதர் கிங். உலகமறிந்த உரிமைப் போராட்டத் தலைவராய்ப் பின்னர் விளங்கியவர் அச்சிறுவரே.

பரிசுக்குப் பின் நல்ல வேடங்கள் வந்து குவிந்திருக்கும் என்று எண்ணுவது இயல்பு. வரவில்லை, மீண்டும் குல்லாயும் முன்றானையும்தான் வந்தன. 1942ஆம் ஆண்டின் 'இன் திஸ் அவர் லைஃப்' ஒன்றே சற்று வேறுபட்டது. அதில் வெள்ளைப் பெண்ணொருத்தி தன் மோட்டார் வண்டியால் குழந்தையைக் கொன்றுவிட்டு, பழியை வேலைக்காரியின் மகன்மேல் போடுகிறாள். அம்மகன் சட்டம் படித்து முன்னேற விழையும் இளைஞன். என் மகன் என்னோடு வீட்டில் இருந்தான் என்று தாய் சொல்வதை யார் நம்புவார்? அக்காட்சியில் அம்மையார் அமைதியாகப் பேசுகிறார். சிரிப்பு மூட்டும் வேலைக்காரி அங்கே காணப்படவில்லை.

அதே 1942இல்தான் கண்டனமும் வலுத்தது. கறுப்பின மக்கள் முன்னேற்றச் சங்கத்தின் நிர்வாகச் செயலாளராயிருந்த வால்டர் வைட், ஹாலிவுட் சென்று படமுதலாளிகளைக் கண்டு, கறுப்பினத்தாரை வேலைக்காரராகவும் கோமாளிகளாகவும் காட்டுவதை விடுங்கள், மற்ற மனிதரைப் போலவே காட்டுங்கள் என்று வாதாடினார். கோரிக்கை நேரியது. நம் இளமையில் நாம் படித்தபோது, வால்டர் வைட்டின் பக்கமே முழு நியாயமும் இருப்பதாக நினைத்தோம். ஒரு சமூகத்தைக் கோடிக்கணக்கானோர் திரையில் மட்டுமே பார்க்கும்போது, அத்திரையில் அது எப்போதும் தட்டேந்தி நிற்பது கேடு விளைவிப்பதே. ஆனால் அவர் முதலாளிகளிடம் பேசினாரே யொழிய, அவ்வேடங்களால் வயிறு வளர்த்த நடிகர்களைக் கலந்து பேசவில்லை என்பது ஹாட்டி முதலியோரின் மனக்குறை. வைட் தோற்றத்தில் வெள்ளையரைப் போன்றவர்; இதையும் அம்மையார் கசப்போடு சுட்டிக்காட்டினார். அது அவ்வளவு அழகான வாதமன்று.

அவர் சொன்னதாகப் பல வடிவங்களில் வழங்கும் ஒரு மறுமொழி உண்டு. வேலைக்காரியாக நடித்தால் வாரம் எழுநூறு டாலர். வேலைக்காரியாகவே இருந்தால் வாரம் ஏழு டாலர். நான் எதற்காக முறையிட வேண்டும் என்பது அதன் கருத்து. சம்பளப் பட்டியல் எழுதும் நமக்கு இக்கணக்கு நன்றாக விளங்குகிறது. இது பேராசைக்காரியின் பேச்சு அன்று. ஏழு டாலர் வாழ்வை உள்ளே நின்று அறிந்தவரின் பேச்சு. கழிப்பறையில் துண்டு ஏந்தி நின்ற கைகளை, மேன்மையான வேடம் வரும்வரை காத்திரு என்று எவர் தடுக்க முடியும்? ஆயினும் இக்கணக்கில் ஒரு குறையும் உண்டு. எழுநூறு அவர் ஒருவருக்கு. அவர் காட்டிய உருவத்தின் சுமையோ ஏழு டாலர் பெற்ற எல்லாப் பெண்களின் தலையிலும் ஏறிற்று. அச்சுமையை ஏற்றியவர்கள் யார் என்று பார்த்தால், வேறு வேடம் எழுத மறுத்த ஆசிரியர்களும் எழுதுவிக்க மறுத்த முதலாளிகளுமே. குற்றப் பட்டியலில் அவர்கள் பெயருக்குப் பின்னரே அம்மையார் பெயர் வரவேண்டும் என்பது இன்று நம் அபிப்பிராயம். வைட்டின் புதுமைக்கு எடுத்துக்காட்டாக நின்ற இளம் பாடகி லீனா ஹார்ன், மற்ற கறுப்பின நடிகர்களால் வெறுக்கப்பட்டபோது, அவரை வீட்டுக்கு அழைத்து அன்பு பாராட்டியவர் ஹாட்டி அம்மையாரே என்பதும் இங்கே நினைக்கத்தக்கது.

திரையில் எதிர்த்துப் பேச இடம் பெறாத அவர், வீட்டு விஷயத்தில் எதிர்த்து நின்றார். லாஸ் ஏஞ்சலிஸில் வெஸ்ட் ஆடம்ஸ் ஹைட்ஸ் என்ற மேட்டுப் பகுதியில் 17 அறைகள் கொண்ட வீடொன்றை வாங்கிக் குடியேறினார். நடிகைகள் லூயிஸ் பீவர்ஸ், எதல் வாட்டர்ஸ் முதலிய வசதி படைத்த கறுப்பினத்தார் பலரும் அங்கே வீடு வாங்கினர். அப்பகுதி மனைகளின் பத்திரங்களிலே, வெள்ளையர் அல்லாதாருக்கு விற்றலாகாது என்று ஒரு நிபந்தனை எழுதப்பட்டிருந்தது. வேலைக்காரராக இருந்தால் அவ்வீடுகளில் படுத்துறங்கலாம். சொந்தக்காரராக மட்டும் இருக்கக் கூடாது! வெள்ளை அயலார் சிலர் அந்நிபந்தனையைக் காட்டி, இவர்களை வெளியேற்ற வழக்குத் தொடுத்தனர். அம்மையார் அஞ்சவில்லை, அயலாரைத் தம் வீட்டில் கூட்டி எதிர்வழக்காடத் திட்டமிட்டார். லோரன் மில்லர் என்ற கறுப்பின வக்கீல் வாதித்தார். 1945ஆம் ஆண்டு டிசம்பரில் நீதிபதி தர்மண்ட் கிளார்க், அந்த வீதிகளைத் தாமே நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அரசியல் சட்டத்தின் 14ஆம் திருத்தம் அளிக்கும் உரிமை கறுப்பினத்தாருக்கும் முழுமையாக உரியது என்று கூறி வழக்கைத் தள்ளினார். மூன்றாண்டு கழித்து, 1948இல், இத்தகைய நிபந்தனைகளை எந்தக் கோர்ட்டும் நிறைவேற்றிக் கொடுக்கலாகாது என்று நாட்டின் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்தது. அவ்வழக்குகளில் வாதித்தோருள் லோரன் மில்லரும் ஒருவர். எழுநூறு டாலர் எங்கே சென்றது என்று கேட்போருக்கு, ஒரு பங்கு இங்கே சென்றது என்று விடை சொல்லலாம். அந்தக் குடியிருப்பின் நடுவே 1960ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் நெடுஞ்சாலை ஒன்றை வெட்டி, வீடுகள் பலவற்றை இடித்துவிட்டனர்.

யுத்தம் முடிந்தபின் பட வாய்ப்புகள் குறைந்தன. முதலாளிகள் வேலைக்காரி வேடங்களைக் குறைத்தார்களே யன்றி, அவற்றின் இடத்தில் வேறு வேடங்களைத் தரவில்லை. சொந்த வாழ்விலும் சுகமில்லை. நான்கு முறை மணம் புரிந்தும் எதுவும் நிலைக்கவில்லை, குழந்தையும் இல்லை.

1947ஆம் ஆண்டில் வானொலி அவரை மீண்டும் தூக்கி நிறுத்தியது. 'பியூலா' என்ற தொடரில் அவர் பெயர் பெற்ற பணிப்பெண் ஆனார். அதற்கு முன் அக்கறுப்புப் பெண்ணின் குரலைக் கொடுத்து வந்தவர்கள் வெள்ளை ஆண்கள் என்றால் வாசகர்கள் நம்பமாட்டார்கள், உண்மை அதுவே. கொச்சைப் பேச்சுப் பேசமாட்டேன் என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொண்டு ஹாட்டி அவ்வேடத்தை ஏற்றார். நாடு தழுவிய வானொலித் தொடர் ஒன்றில் தலைமை வேடம் ஏற்ற முதல் கறுப்பினப் பெண்மணி இவர். வாரச் சம்பளம் ஆயிரம் டாலர். அதே தொடர் 1950இல் தொலைக்காட்சிக்கு வந்தபோது முதலில் எதல் வாட்டர்ஸ் நடித்தார். அவர் விலகியபின் 1951இல் ஹாட்டி அம்மையார் தொலைக்காட்சிக் காமிராவின் முன் நின்றார். ஆறு அத்தியாயங்கள் மட்டுமே முடிந்தன. உடல் இடங்கொடுக்கவில்லை, மார்பகப் புற்றுநோய். வேடம் லூயிஸ் பீவர்ஸுக்குப் போயிற்று. 1952ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி, சினிமாத் தொழிலாளருக்கென அமைந்த மருத்துவ இல்லத்தில் அம்மையார் காலமானார்.

திரையுலகத்தார் பலர் துயிலும் ஹாலிவுட் கல்லறைத் தோட்டத்தில் தம்மை அடக்கம் செய்ய வேண்டுமென்பது அவர் கடைசி விருப்பம். வெள்ளையர் அல்லாதாரைப் புதைப்பதில்லை என்று அக்கல்லறைக்காரர் மறுத்துவிட்டனர். செத்த பிறகும் வேலி போட்டுப் பிரிக்கும் வழக்கத்தை நம்மவர்க்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. அடுத்த விருப்பமான ரோஸ்டேல் கல்லறையில், ஆயிரக்கணக்கானோர் கூடி அவரை அடக்கம் செய்தனர். அவர் விட்டுச்சென்ற ஆஸ்தி பதினாயிரம் டாலருக்கும் குறைவு என்று மதிப்பிட்டனர்; வருமான வரி பாக்கி என்று சர்க்கார் கேட்டதோ பதினோராயிரத்துக்கும் மேல்.

1999ஆம் ஆண்டில், கை மாறிய ஹாலிவுட் கல்லறையின் புதிய சொந்தக்காரர், அவர் உடலை இங்கே கொண்டு வரலாம் என்று அழைத்தார். குடும்பத்தார் எலும்புகளைக் கலைக்க விரும்பவில்லை. ஆதலின் உடல் இல்லாத ஒரு நினைவுக்கல் அங்கே நாட்டப்பட்டது. 2006இல் அவர் உருவம் பொறித்த அஞ்சல் தலையை அமெரிக்க சர்க்கார் வெளியிட்டது. 2020ஆம் ஆண்டில் நிறவெறிக்கு எதிராக நாடெங்கும் கிளர்ச்சி மூண்டபோது, 'கான் வித் த விண்ட்' படத்தை ஒரு கம்பெனியார் சில நாள் நிறுத்தி வைத்து, அடிமை முறையின் உண்மையைக் கூறும் முன்னுரை ஒன்றைச் சேர்த்து மீண்டும் காட்டினர். எண்பதாண்டுகளுக்கு முன் கறுப்பினப் பத்திரிகைகள் எழுதியவை அம்முன்னுரையில் இடம்பெற்றன என்று சொல்லலாம்.

பரிசின் கதை மீதமுள்ளது. துணை நடிகர்களுக்கு அந்நாளில் முழு உருவச் சிலை கொடுப்பதில்லை; சிறு பட்டயம் ஒன்றே தருவர். அப்பட்டயத்தை வாஷிங்டன் நகரில் கறுப்பின மக்களின் கல்விக்கென எழுந்த ஹவார்ட் சர்வகலாசாலைக்கு அம்மையார் உயில் எழுதி வைத்தார். ஆஸ்தியை மதிப்பிட வந்தவர்கள் அப்பட்டயத்துக்கு விலை ஒன்றுமில்லை என்று கணக்கில் எழுதினர். சர்வகலாசாலையின் நாடகப் பகுதியில் சில காலம் அது இருந்தது; பின்னர் எப்படியோ காணாமற் போயிற்று. தேடினோர் பலர், அகப்படவில்லை. 2023ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் தேதி, பரிசளிக்கும் கழகத்தார் அதே போன்ற வேறொரு பட்டயம் செய்வித்து, சர்வகலாசாலையின் நாடக மண்டபத்தில் மாணவர்கள் முன்னிலையில் கொண்டுவந்து கொடுத்தனர்.